தேசம்மா வழிமொழிந்தார்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககச் சங்கத்தின் கூட்டக் குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. திருநின்றவூரில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் நான்கு மாடி, பதினாறு வீடு, வாரத்தில் நாலு நாள் ஓடும் ஒரு லிஃப்ட். இவ்வளவு சின்ன ராஜ்யத்துக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. குறிப்பின் ஏழாவது வரியில் என் வீட்டு நம்பரைப் போட்டு, 'தண்ணீர் மோட்டாரை இடம் மாற்றும் யோசனையை வரவேற்றுப் பேசினார்' என்று எழுதியிருந்தது. நான் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை. முழங்காலில் தைலத்தைத் தடவிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, வீட்டிலேயே வாயைத் திறக்காத மனுஷன் அங்கே போய் எப்போது பேசினீர்கள் என்று கேட்டாள்.

செயலாளர் தம்பிக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா. ஒரு காலத்தில் என் பிழைப்பே அதுதான். கூடாத கூட்டத்தைக் கூட்டுவேன், பேசாதவர்களைப் பேசவைப்பேன், எல்லாம் ஒரு நீளமான கோடு போட்ட புத்தகத்துக்குள். இந்தத் தம்பி பரவாயில்லை, ஒரு வரியோடு விட்டான். நானாயிருந்தால் என்னை அரைப் பக்கத்துக்குப் பேசவைத்திருப்பேன்.

எழுபதுகளின் ஆரம்பம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் மூன்று கிராமப் பஞ்சாயத்துகளுக்குப் பகுதிநேர கிளார்க்காக எனக்கு வேலை கிடைத்தது. சொந்த ஊர் கடம்பத்தூர். இரண்டு ஊரும் அன்றைக்கு ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். ஆனால் மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக, ரயிலேறி மெட்ராசுக்குப் போய், அங்கே வண்டி மாறி, கூடூர் லைனில் மறுபடி வடக்கே வர வேண்டும். ஊத்துக்கோட்டை வழியாக பஸ்ஸிலும் போகலாம் என்பார்கள். போகலாம்தான். ஊத்துக்கோட்டையில் அடுத்த பஸ் வருவதற்குள் காலை நாஷ்டா, மதியச் சாப்பாடு, சாயங்கால டீ என்று மூன்றையும் முடித்துக்கொள்ளலாம். அதனால் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கிவிட்டேன். கீழே பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை எப்போதும் மேலே ஏறி வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும். முழங்கால் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

வாசனை என்றதும் அந்தப் புத்தகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கும் காக்கிப் பையில் எப்போதும் மூன்று தீர்மானப் புத்தகங்கள் இருக்கும், பஞ்சாயத்துக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எது எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். ஒன்றில் மூக்குப்பொடி வாசனை வரும், தலைவர் அப்படி. இன்னொன்றில் கடலை எண்ணெய். மூன்றாவதைத் திறந்தால் எறா வாசனை, அதாவது இறால். அந்த மூன்றாவது ஊரைத் தாழைமேடு என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன், அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கு நான் ஏறும் அதே ரயிலில் வருகிறார்கள்.

பஞ்சாயத்துக் கூட்டம் எப்படி நடந்தது என்று இந்தக் காலத்தவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கூட்டம் நடக்காது, புத்தகம்தான் நடக்கும். மாதத்தில் ஒரு நாள் காலையில் தலைவர் வீட்டுக்குப் போவேன். அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இன்னின்ன தீர்மானம் என்று சொல்வார். நான் அறைக்குத் திரும்பி, 'தலைவர் அவர்கள் தலைமையில் கூட்டம் இனிதே தொடங்கியது' என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எழுதி முடிப்பேன். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு உறுப்பினர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவேன். ஒருத்தர் மாட்டுக் கொட்டகையில் போடுவார், ஒருத்தர் ஏர் பிடித்தபடியே வரப்புக்கு வந்து சைக்கிள் சீட்டின் மேல் வைத்துப் போடுவார். என்ன தீர்மானம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான்தான் பயந்திருப்பேன்.

தாழைமேட்டின் பிரசிடெண்டு வெங்கடேசலு நல்ல மனிதர். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் முதல் ஆளாய்ப் போய்ப் பந்தலில் நிற்பார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், சின்னவன் பெரியவன் என்றில்லாமல் எல்லோரையும் நைனா என்பார். அவருக்கு ஒரே ஒரு பெருமை. அவர் பதவிக்கு வந்த நாள் முதல் ஒரு தீர்மானம்கூட எதிர்ப்போடு நிறைவேறியதில்லை, எல்லாம் ஏகமனதாக. பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் இதை நாலு பேரிடம் சொல்லாமல் வர மாட்டார். கூட்டமே போடாமல் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று அங்கே யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த நாளில் ஒரு விதி உண்டு. தேர்தலில் பெண் யாரும் வரவில்லையென்றால் பஞ்சாயத்தில் ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெங்கடேசலு தன் வீட்டம்மாளைக் கேட்டார். ஆம்பிளைகள் நடுவில் போய்க் குந்துவதற்கா என்னைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று அந்தம்மாள் சொல்லிவிட்டார். பிறகு இரண்டு பேரும், அதாவது பிரசிடெண்டும் நானும், யோசித்துக் கண்டுபிடித்த ஆள்தான் தேசம்மா. தாழைமேட்டைச் சேர்ந்த பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், எறாக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் மேட்டுத் தெரு வழியாகப் போவாள் என்பதுதான். ரேகை வாங்க மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குப்பம்வரை போக வேண்டாம் பாருங்கள். ஜனநாயகத்துக்கு நான் செய்த முதல் தொண்டு அது.

தேசம்மா கைநாட்டு. கூடையை இறக்கிவைத்து, கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மைப்பெட்டியில் தொட்டு வைப்பாள். எவ்வளவு துடைத்தாலும் எறா வாசனை போகாது, புத்தகத் தாளில் ஒட்டிக்கொள்ளும். படிப்பு வாசனை இல்லாதவள் என்று நான் முடிவு கட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒருநாள் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு தினப்பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தபடி வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அப்போது கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பத்திரிகையும் போடவில்லை. போடாத எழுத்தெல்லாம் எங்கே போகும், தீர்மானப் புத்தகத்துக்குத்தான் போனது. மற்ற உறுப்பினர்கள் 'ஆதரித்தார்' என்பதோடு நிற்பார்கள், தேசம்மாவை மட்டும் விரிவாகப் பேசவிடுவேன். பெண் குரல் என்றால் யூனியன் ஆபீசில் மதிப்பு அதிகம், எனக்கும் எழுத்தில் ஒரு வீறு வரும். யூனியனிலிருந்து வெள்ளை லெகார்ன் கோழிக்குஞ்சுகள் கொடுத்தபோது, 'கூவும் சேவல் குடிசைக்குக் கடிகாரம், இடும் முட்டை ஏழைக்குப் பொற்காசு என்று உறுப்பினர் திருமதி தேசம்மா அவர்கள் உருக்கமாகப் பேசினார்' என்று எழுதினேன். அந்தக் குஞ்சுகள் என்ன ஆயின என்று கேட்காதீர்கள். ஆபீசர் திரும்பி வந்து பார்ப்பதற்குள் ஊரே ருசி பார்த்துவிட்டது. புகையில்லா அடுப்பு, எருக்குழி, குடும்பக் கட்டுப்பாடு என்று எல்லாவற்றைப் பற்றியும் என் தேசம்மா பேசினாள்.

அப்படித்தான் கிணறும் வந்தது. தாழைமேட்டுக்கு அடிபம்பு வைத்த குழாய்க் கிணறு ஒன்று சாங்ஷன் ஆனது. ஒன்றே ஒன்று. குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். அங்கத்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்து, சவுக்குத் தோப்பு மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு நிரப்பிக்கொண்டு வருவார்கள். பிரசிடெண்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, மேட்டுத் தெரு அரசமரத்தடியில் கிணறு என்று சொன்னார். அதுதான் அவர் தெரு. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, கிணறு என்றதும் அவருக்குத் தன் வாசல்தான் கண்ணில் பட்டது. நான் வழக்கம்போல அழகாக எழுதினேன். வழிமொழிய ஒரு ஆள் வேண்டுமே, தேசம்மாவையே வழிமொழியவைத்தேன். மறுநாள் வழக்கம்போல ரேகை வைத்தாள்.

அடுத்த மாதம் நான் போனபோது மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. தெருவிளக்கு பல்பு மாற்றும் சாதாரணத் தீர்மானம்தான். புத்தகத்தைக் கொடு, வீட்டில் மை இருக்கிறது, வைத்து நாளைக்கு எடுத்து வருகிறேன் என்றாள் தேசம்மா. எனக்கும் சோம்பல், கொடுத்துவிட்டேன். தீர்மானப் புத்தகத்தை வெளியே கொடுப்பது பூசாரி சாமியைக் கைமாற்றாகக் கொடுப்பது மாதிரி. அது எனக்குத் தெரியும், ஆனாலும் கொடுத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இதற்குள் யூனியனிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அடுத்த வாரம் விரிவாக்க அலுவலர் தணிக்கைக்கு வருகிறார், கிணற்றுத் தீர்மானத்தின் நகல் கொடுத்ததும் வேலை ஆரம்பம். எங்களிடத்தில் அவருக்கு ஈ.ஓ. என்று பெயர். புத்தகம் இல்லையென்றால் வேலை போய்விடும். கடம்பத்தூரில் அப்பா வேறு ஒரு பெண் ஜாதகத்தை வைத்துக்கொண்டு, பையனுக்கு கவர்மெண்ட் உத்தியோகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மணலில் எறா காய்ந்துகொண்டிருந்தது. தேசம்மா வீட்டு வாசலில் கூடை நிறைய சரக்கு, அதன் பக்கத்தில் அவள். கொஞ்சம் தள்ளி ஏழெட்டுப் பெண்கள் வலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள், அவள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு.

"இன்னா கிளார்க்கு, புக்கத் தேடிக்கினு வந்தியா?"

ஏன் மூன்று நாளாக வரவில்லை என்று கேட்டேன்.

"கூடைய தலைக்கு ஏத்திவுட இன்னொரு கை வோணும். எவளும் வரல."

விஷயம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. நிறைந்த கூடையைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது, ஒருத்திக்கு ஒருத்தி கை கொடுத்துத்தான் ஏற்றிக்கொள்வார்கள். நான் புத்தகத்தைக் கொடுத்த அன்று இடம் குறிக்க வந்த ஓவர்சீயரிடம் குப்பத்துப் பெண்கள், எங்களுக்குத்தானே தண்ணீர்க் கஷ்டம், மேட்டுத் தெருவுக்கு எதற்குக் கிணறு என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் மெம்பரே அங்கேதான் வேண்டும் என்று பேசியிருக்கிறாரே, புத்தகத்தில் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தேசம்மாவோடு ஒருத்தியும் பேசவில்லை. அவள் கூடைக்கு யாரும் கை கொடுக்கவில்லை. சரக்கு வாசலிலேயே கெட்டுக்கொண்டிருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். குந்து என்றாள், உட்கார்ந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்கண்ணனுக்கு ஒரே புஸ்தகந்தான். அவன் அந்தப் பக்கம் குந்துவான், நான் இந்தப் பக்கம் குந்துவேன். எனக்கு இப்டித்தான் படிக்க வரும். சிலேட்டுப் பலகை எனக்குக் குடுக்கல, அதான் எய்த வரல."

படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம் இரண்டு வருடமாகப் படிக்கக் கொடுக்காமலே ரேகை வாங்கியிருக்கிறேன். டீக்கடை வாசலில் யாரைப் பார்த்து யார் சிரித்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது காது சூடாகிவிட்டது.

அவள் படித்தாள். 'உறுப்பினர் திருமதி தேசம்மா அவர்கள் எழுந்து, தாகம் தணிக்கும் தண்ணீரே தரணியின் தாய்ப்பால் என்றும், மேட்டுத் தெரு அரசமரத்தடியே அதற்கு உகந்த இடம் என்றும் விரிவாகப் பேசி வழிமொழிந்தார்.' முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள்.

"தரணின்னா யாரு?" என்றாள்.

உலகம் என்றேன்.

"ஒலகத்துக்கெல்லாம் வாங்கிக் குட்த்துட்டு, குப்பத்துக்கு இல்லாம பண்ணிட்டியே."

வலைக்குக் கீழே ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி கிட்டே வந்து, இதில் வேறு என்ன பேசியிருக்கிறாள் என்று கேட்டாள். தேசம்மா முன்பக்கங்களைப் புரட்டிக் கோழிப் பேச்சைப் படித்தாள். சேவல் கடிகாரம் என்ற இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்களிடம் மறைப்பானேன், என் எழுத்தை ஏழெட்டுப் பேர் கூடி ரசித்துக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மணலுக்குள் புதைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது, இன்னும் ஒரு பக்கம் படித்தால் தேவலை போலவும் இருந்தது.

தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் ஏரியில் வலை வீச இடம் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதைச் சொல்லித்தான் என்னைக் கேட்டாள்.

"எங்க ஆம்பளைங்க பாட்டுக்குச் சீட்டு போடறப்ப ஆளு நேர்ல வந்து குந்துனாத்தான் பங்கு. உங்க பஞ்சாயத்து மட்டும் இன்னா, தயிர்க்காரி மாதிரி வாசலுக்கு வாசல் போயினுகீது?"

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். கூட்டம் என்றால் எல்லோரும் வந்து உட்கார வேண்டும். அங்கே வந்து புத்தகத்தைத் தருகிறேன், அதுவரை தர மாட்டேன்.

வெங்கடேசலுவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை, மனசுதான் உடைந்துவிட்டது. "நம்ம பஞ்சாயத்துல இதுவரைக்கும் ஒருத்தர்கூட மாத்திப் பேசினது கெடயாது நைனா" என்றார். நேராகவும் யாரும் பேசியதில்லை என்பது என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஈ.ஓ. வருகிறாரே, வேறு வழியில்லை. பழைய விதிப்புத்தகத்தைத் தூசி தட்டிப் பார்த்தேன். கூட்டத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வேலைக்கு வந்து இரண்டு வருடம் கழித்து முதல் அறிவிப்பு எழுதினேன்.

அதை எடுத்துக்கொண்டு உறுப்பினர் கோவிந்தசாமியிடம் போனேன். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர், எனக்கு மாதாமாதம் வரப்பில் கையெழுத்துப் போட்டவர். அறிவிப்பைக் கேட்டுவிட்டு, அப்போ யூரியா எப்போது வரும் என்றார். இத்தனை நாளும் உரச் சொசைட்டிக்குக் கையெழுத்துப் போடுவதாக நினைத்திருக்கிறார். மெம்பர் என்று தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு எனக்கு ஒரு சொம்பு மோர் கிடைத்தது.

பஞ்சாயத்து அறையைத் திறந்தால் உள்ளே பிரசிடெண்டின் வேர்க்கடலை மூட்டைகள். அவற்றை வெளியே எடுத்து, பெஞ்சைத் தட்டிக் கரையானை விரட்டி, தண்ணீர்ப் பானை வைத்து, ஒருவழியாகப் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் கூடியது. எல்லோரும் வந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்த மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தேசம்மா புத்தகத்தோடு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வாசலுக்கு வெளியே குப்பத்துப் பெண்கள் நின்றார்கள், இவள் என்ன பேசப் போகிறாள் என்று பார்க்க.

நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒருத்தர் இருமினார், ஒருத்தர் மேலே இருந்த பல்லியைப் பார்த்தார். இரண்டு வருடமாக என் புத்தகத்தில் மாதம் தவறாமல் ஆதரித்துத் தீர்த்த மனிதர்கள் இவர்கள்தான். கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை, பிரசிடெண்டுக்கும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பல்லியைப் பார்த்தேன்.

தேசம்மா எழுந்தாள். அவளுக்கும் வாய் வரவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு மனசுக்குள் ஒரே பதைப்பு. தாகம், தரணி என்று எடுத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நல்லவேளை, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"கெணறு சவுக்குத் தோப்பு வளைவுல வோணும்" என்றாள். "அங்கதான் இனிப்புத் தண்ணி. பத்து வருசமா நானே தோண்டிக்கினு கீறேன்."

பிரசிடெண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, மேட்டுத் தெருவில் வைத்தால் என்ன, குப்பத்துக்காரர்கள் அங்கேயே வந்து எடுத்துக்கொள்ளலாமே என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"உங்க தெருவுல ஊட்டுக்கு ஊடு கெணறு கீது நைனா. எங்க கொடத்துல மீன் நாத்தம்னு உங்க ஊட்டம்மாங்க மூக்கப் பொத்திக்குவாங்க. நாங்க எல்லாருக்கும் பின்னாடி நிக்கணும். நிக்க மாட்டோம்."

இப்போது யாரும் பல்லியைப் பார்க்கவில்லை. முதலில் வாய் திறந்தவர் கோவிந்தசாமி. தன் மாடுகளும் தோப்புப் பக்கம்தான் மேய்கின்றன, அங்கே தண்ணீர் இருந்தால் அதுகளுக்கும் நல்லது என்று சொல்லிக் கையைத் தூக்கினார். மாட்டுக்காகத் தூக்கிய கைதான். ஆனாலும் ஒரு கை தூக்கினால் போதும் போலிருக்கிறது, பின்னாலேயே இரண்டு கை வந்தது, நாலு கை வந்தது. கடைசியில் வெங்கடேசலு மட்டும் பாக்கி. அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தோற்பதுகூட அவருக்குப் பெரிசில்லை, ஏகமனது போய்விடுமே என்பதுதான் கவலை. மெதுவாகக் கையைத் தூக்கிவிட்டு, "எய்திக்கோ நைனா, ஏகமனதா" என்றார். அந்தப் புத்தகத்தில் அந்த வார்த்தை முதல் தடவையாக உண்மையானது.

நான் பழக்க தோஷத்தில் 'திருமதி தேசம்மா அவர்கள் விரிவாக' என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, "நான் சொன்னத மட்டும் எய்து" என்றாள். அடித்துவிட்டு, சொன்னதை மட்டும் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சின்னத் தீர்மானம் அது. புத்தகத்தைத் தன் பக்கம் தலைகீழாகத் திருப்பி, விரலை வைத்து முழுக்கப் படித்துவிட்டுத்தான் ரேகை வைத்தாள்.

வெளியே வந்ததும் குப்பத்துப் பெண்களில் ஒருத்தி, கூடை எங்கே என்று கேட்டாளாம். அவ்வளவுதான், மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. மறுநாள் காலை தேசம்மா கூடையோடு மேட்டுத் தெருவில் போனாள். தலையில் கூடையைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி, வேலை போகாது என்று தெரிந்தபோதுகூட வரவில்லை.

ஈ.ஓ. தணிக்கைக்கு வந்தார். பழைய பக்கங்களைப் படித்து, இந்த ஊர் உறுப்பினர்களின் விவாதத் தரம் உயர்ந்ததாக இருக்கிறது என்று பாராட்டினார். புதுத் தீர்மானத்துக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தார். இது என்ன ஆள் பேசுவது மாதிரி இருக்கிறது, தீர்மானம் மாதிரி எழுதப் பழகு என்று எனக்கு அறிவுரை சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போனார்.

சவுக்குத் தோப்பு வளைவில் கிணறு வந்தது, தண்ணீரும் நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு தேசம்மா மாதா மாதம் கூட்டம் போட வைத்தாள். பேஜாரு புடிச்ச பொம்பள என்று உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் வந்தார்கள். வெங்கடேசலு வீட்டிலிருந்து வடை வந்தது. வடைக்காகத்தான் வந்தார்கள் என்றும் சொல்லலாம், எனக்குத் தெரியாது. பேசப் பழகினார்கள். சண்டை போடக்கூடப் பழகினார்கள். ஏகமனது இரண்டு முறை உடைந்தது. பிரசிடெண்டு இரண்டு தடவையும் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

அப்புறம் பஞ்சாயத்தின் ஆயுள் முடிந்தது. தேர்தல் வரும் என்றார்கள், வரவில்லை. தனி அலுவலர் வந்தார். அவர் கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு பல ஊர்களுக்கும் தனி ஆளாகவே பஞ்சாயத்தாக இருப்பார். முன்மொழிய வேண்டாம், வழிமொழிய வேண்டாம், கை தூக்கவும் வேண்டாம். புத்தகத்தை அவர் மேஜைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். எனக்கு வேலை சுலபமாகிவிட்டது, சைக்கிள் டயர்கூட தேயவில்லை. வருடங்கள் அப்படியே போயின. பக்கத்தில் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. குப்பத்துப் பையன்கள் வலையை வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்கள். சவுக்குத் தோப்பு வளைவு இன்றைக்கு ஏதோ ஒரு கம்பெனி மதிலுக்கு உள்ளே இருக்கிறது என்று கேள்வி. தேசம்மாவும் இல்லை, வெங்கடேசலுவும் இல்லை. நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியமும் இல்லை.

தனி அலுவலர் வந்த முதல் மாதம் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். விளக்கு பல்பு மாட்டுவதற்காகப் பஞ்சாயத்து அறைக்குப் போயிருந்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால் தேசம்மா நின்றிருந்தாள். கூட்ட நாள் அது. இனிமேல் கூட்டம் இல்லை, உறுப்பினர்களும் இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான், சொல்ல மறந்துவிட்டேன். அங்கேயே நின்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் சொல்றத எதுல எய்துவ?" என்றாள்.

புத்தகம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது என்றேன். அதில் எழுத இனி இடமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"செரி, மனசுல எய்திக்கோ" என்று சொல்லிவிட்டு, பேசினாள். மூன்று விஷயம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். குரல் நடுங்கவில்லை, எந்த இடத்திலும் தடுமாறவில்லை. நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். சொல்லி முடித்ததும் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பேசாத பேச்சு ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது, சேவலும் கடிகாரமும் தரணியும் தாய்ப்பாலும். அன்றைக்கு அவள் பேசியதைத்தான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரையைப் பற்றியா, பாதையைப் பற்றியா, என்னவோ. மடங்கிய மூன்று விரல்கள் மட்டும் தெரிகின்றன.